எண்பது கிராம் மா

மகளுக்குச் சீனி வியாதி என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவளுக்கு ஒன்பது வயது. என் மனைவி வீட்டு வேலைக்காக குவைத்துக்குப் போய் ஒரு வருஷம் முடிந்திருந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அதனால் ஊசி போடவும், விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கவும், அளவாகச் சமைக்கவும் நான்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஊசியை ஒரு வாரத்தில் பழகிவிட்டேன். குத்துவதை அவளே பழகிக்கொண்டாள். சமையல்தான் என்னை ஆட்டி வைத்தது.

நான் மலையகத்தில் வட்டகொடை என்ற ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்கள் ஆட்கள் அதை ஸ்டோரு என்றுதான் சொல்வார்கள். எனக்குப் பொதியறையில் வேலை. தரம் பிரித்து வரும் தேயிலையைக் காகிதச் சாக்குகளில் நிரப்பி, நிறுத்து, வாயை ஒட்டி அடுக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே எங்கள் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில், அடுப்பு எரியத் தொடங்கிவிடும். ஆறேகாலுக்கு ஊசி. அரை மணி கழித்து ரொட்டி. பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கு, நான் ஸ்டோருக்கு.

முதல் சில மாதங்கள் கண்ணால் பார்த்துத்தான் எல்லாம். காலையில் இரண்டு ரொட்டி, மதியம் ஒரு கோப்பை சோறு. ஆனால் ரத்தத்தில் சீனி ஒரு நாள் மேலே ஏறும், மறுநாள் கீழே விழும். மாதக் கிளினிக்கில், சாப்பாட்டையும் எண்களையும் எழுதி வைக்கும் எங்கள் கொப்பியைப் பார்த்த தாதி மிஸ் முகத்தைச் சுளித்தார்.

“ரெண்டு ரொட்டின்னு எழுதியிருக்கீங்க. எவ்வளவு பெரிய ரொட்டி?”

நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

“தடிப்பு?”

விரலால் காட்டினேன். பக்கத்தில் இருந்த மகள் மெதுவாக, “அப்பா, நேத்து இத விடப் பெருசு” என்றாள். மிஸ் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். காலை ரொட்டிக்குக் கோதுமை மா எண்பது கிராம். பத்து மணிக்கு இரண்டு பிஸ்கட். மதியம் சோறு, வெந்த பிறகு நூற்றைம்பது கிராம். இரவுக்கும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் கீழே கோடு போட்டார்.

“ஊசி மருந்து இந்தச் சாப்பாட்டுக்குக் கணக்குப் பண்ணித்தான் குடுத்திருக்கோம். சாப்பாடு கூடினாலும் கொறஞ்சாலும் பிரச்சினதான். நிறுத்துக் குடுங்க. வெளங்குதா?”

“வெளங்குதுங்க மிஸ்” என்றேன்.

வீட்டில் தராசு இல்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். பின்னால் வாங்குப் பலகைகளில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். அம்மா இல்லாமல் பிள்ளையைக் கூட்டி வந்த தகப்பன், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது அந்தத் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எதையும் கிராமில் அளந்ததில்லை. அரிசிக்குச் சுண்டு, மாவுக்கு டம்ளர், உப்புக்குக் கை. எண்பது கிராம் என்பது டம்ளரில் எவ்வளவு உயரம் வரும்? அரை டம்ளரா, முக்காலா?

வீட்டுக்கு வந்ததும் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பால் கொடுத்த போத்தல் ஞாபகம் வந்தது. பெட்டிக்கு அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தாள் என் மனைவி. அதில் மில்லிலீட்டர் கோடுகள் அழியாமல் இருந்தன. பள்ளிக்கூடத்தில் படித்ததில் எனக்கு மறக்காத சில விஷயங்களில் ஒன்று, ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது. அப்படியென்றால் ஒரு மில்லிலீட்டர் ஒரு கிராம். எண்பது கோடு வரைக்கும் மாவை நிரப்பினால் எண்பது கிராம். கணக்கு அவ்வளவு சுலபமாக முடிந்ததில் எனக்குச் சந்தோஷம். இவ்வளவு நேரம் பயந்தோமே என்று கூட நினைத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி, போத்தலில் எண்பது கோடு வரை மாவைக் கொட்டி, அதைப் பிசைந்து தட்டினேன். இரண்டு ரொட்டி வந்தது, ஆனால் இரண்டும் உள்ளங்கை அளவுதான்.

மகள் தட்டைப் பார்த்தாள். “இவ்வளவுதானாப்பா?”

“மிஸ் எழுதினது அவ்வளவுதான் பாப்பா.”

“பசிக்குமே.”

“பத்து மணிக்கு பிஸ்கட் இருக்குல்ல. அதச் சாப்புடு.”

அவள் எதிர்த்துப் பேசவில்லை. அந்த வியாதி வந்ததிலிருந்து அவள் எதிர்த்துப் பேசுவதை விட்டிருந்தாள். அது எனக்கு வியாதியை விடக் கவலையாக இருந்தது.

அன்று மாலை மனைவி போனில் அழைத்தாள். மிஸ் எழுதிய தாளைப் பற்றி முதல் நாளே சொல்லியிருந்தேன். அவள் முதலில் கேட்டது அதைத்தான்.

“என்னங்க, நிறுத்துத்தான குடுக்குறீங்க?”

“ஆமா புள்ள. எண்பது கிராம், சரியா.”

“தராசு ஏது?”

“அதெல்லாம் நான் பாத்துக்கிட்டேன்.”

அது முழுப் பொய் என்று அப்போது நான் நினைக்கவில்லை. அளந்துதானே கொடுத்தேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பிள்ளை வெளிறிப் போயிருந்தாள், தலை சுற்றியது என்றாள். சோறு சாப்பிட்டதும் சரியாகிவிட்டது. சனி, ஞாயிறு வீட்டிலேயே இருந்தாள். கொப்பியில் காலை எண்கள் நன்றாகவே இருந்தன. அதைப் பார்த்து நான் தைரியமாகிவிட்டேன்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு ஸ்டோரில் தேத்தண்ணி நேரம். பொதியறைக்குள் போனுக்கு சிக்னல் கிடைக்காது. வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்ததும் போன் அதிர ஆரம்பித்தது. வகுப்பு டீச்சரிடமிருந்து நான்கு அழைப்புகள் தவறியிருந்தன. நான்கு என்ற எண்ணைப் பார்த்ததுமே கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன்.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். வியாதி தெரிந்த முதல் வாரமே அவரிடம் எல்லாம் சொல்லி, சீனி இறங்கினால் கொடுக்க என்று டொபி பக்கெட் ஒன்றையும் அவருடைய மேசை லாச்சியில் வைத்திருந்தேன். நான் திருப்பி அழைத்ததும் உடனே எடுத்தார்.

“அப்பா, பயப்பிடாதேங்கோ. பிள்ளை விளையாட்டுப் பயிற்சியிலை ஓடேக்கை விழுந்திட்டா. இப்ப கண் முழிச்சுக் கதைக்கிறா. சீனித் தண்ணி குடுத்திருக்கிறன். கெதியா வாங்கோ.”

யாரிடமும் சொல்லாமல் இறங்கினேன். றோட்டு வழியாகப் போனால் தூரம் என்று தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஓடினேன். இடுப்பளவு செடிகள் இரண்டு பக்கமும் கீறின. மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், “என்னண்ணே, என்னாச்சு?” என்று கூப்பிட்டார்கள். பதில் சொல்ல மூச்சு இல்லை. கண் முழித்துவிட்டாள் என்று டீச்சர் சொன்னது காதில் இருந்தாலும், அதற்கு முன்னால் கண் மூடியிருந்தாள் என்பதுதான் மனதில் திரும்பத் திரும்ப வந்தது.

ஆசிரியர் அறையில் ஒரு பெஞ்சில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். நெற்றி முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. ஒரு முழங்காலில் சிராய்ப்பு. என்னைக் கண்டதும், “அப்பா, நான் மூணாவதா வந்துக்கிட்டு இருந்தேன்” என்றாள். அவள் பையில் இருந்த கருவியை எடுத்து விரலில் குத்திப் பார்த்தேன். எழுபத்தொன்று. எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். சீனித் தண்ணியும் இரண்டு டொபியும் உள்ளே போன பிறகு எழுபத்தொன்று என்றால், விழுந்த நேரத்தில் எவ்வளவு இருந்திருக்கும்?

டீச்சர் என்னை வெளியே கூட்டிப்போய் மெதுவாகக் கேட்டார்.

“காலமை என்ன சாப்பாடு குடுத்தனீங்கள்?”

“ரொட்டிங்க டீச்சர். எண்பது கிராம் மாவு. கிளினிக்ல எழுதிக் குடுத்த அளவுதான்.”

“எதாலை நிறுத்தனீங்கள்?”

“பால் போத்தல்ல அளந்தேங்க.”

“நாளைக்கு ஒருக்கா உண்மையான தராசிலை வைச்சுப் பாருங்கோ” என்று மட்டும் சொன்னார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. கணக்கில் பிழையில்லை, ஓடியதால்தான் விழுந்துவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை ஊசி போடும் நேரம் வந்தபோது எனக்குப் போடப் பயமாக இருந்தது. போட்டால் மறுபடி விழுந்துவிடுவாளோ, போடாவிட்டால் ஏறிவிடுமோ. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வார்டுக்கு அழைத்தேன். எடுத்தவர் சிங்களத்தில் பேசினார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். கருவியில் வந்த எண்ணைக் கேட்டார், இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார், எவ்வளவு மருந்து போட வேண்டும், என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னபடியே செய்தேன். மகள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். “அப்பா, இப்பிடிப் பாக்காதீங்க. முழுங்க முடியல” என்றாள். மனைவி அழைத்தபோது, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் அவளைப் பக்கத்துக் காம்பரா அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். காலையில் போத்தலைத் தொடவே மனம் வரவில்லை. பழையபடி கண்ணால் பார்த்துப் பெரிய ரொட்டி இரண்டு தட்டிக் கொடுத்திருந்தேன். அது கூடிவிட்டதோ என்று ஸ்டோரிலும் அதே நினைப்பு.

அன்று பொதியறையில் காலையில் டஸ்ட் தேயிலை, அதாவது தூள் ரகம். மத்தியானம் பெரிய இலை ரகம். இரண்டுக்கும் ஒரே சாக்குதான், ஒரே உயரத்துக்குத்தான் நிரப்புவோம். டஸ்ட் சாக்கைத் தூக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். பெரிய இலைச் சாக்கை நான் ஒருவனே தோளில் போட்டுக்கொண்டு போவேன். பதினாறு வருஷமாகச் செய்கிற வேலை. அன்று மத்தியானம் முதல் இலைச் சாக்கைத் தூக்கித் தோளில் வைத்தேன். வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

ஒரே சாக்கு, ஒரே நிரப்பு, எடை மட்டும் வேறு. தண்ணீர் ஒரு லீட்டர் ஒரு கிலோ. மாவு தண்ணீரா? தினமும் என் தோள் அறிந்த விஷயம், என் அடுப்படியில் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. என் பிள்ளைக்கு நான் எத்தனை கிராம் கொடுத்தேன்? எண்பது இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. எவ்வளவு என்று தெரியவில்லை. சாக்கைக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தேன்.

ஸ்டோரில் ஒரு சின்னத் தராசு உண்டு. ருசி பார்க்கும் அறையில் மாதிரித் தேயிலையை நிறுப்பதற்காக வைத்திருப்பது, கிராம் வரைக்கும் காட்டும். அது டீமேக்கர் ஐயாவின் பொறுப்பில் இருந்தது. ஸ்டோரை நடத்துபவர் அவர்தான். கறாரான மனிதர். சாப்பாட்டுப் பொருள் எதையும் ஸ்டோருக்குள் கொண்டுவரக் கூடாது என்று வாசலிலேயே பலகை மாட்டியிருந்தார். அதை மீறிய ஒருவரை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று அனுப்பியும் இருக்கிறார்.

புதன்கிழமை ஒரு பெரிய பிஸ்கட் பெட்டியில் இரண்டு கிலோ அளவுக்கு மாவும், பையில் அந்தப் போத்தலும் எடுத்துக்கொண்டு போனேன். வாசலைத் தாண்டாமல் வெளியே நின்று, ஐயா வரும் வரைக்கும் காத்திருந்தேன்.

“என்னா, வேல நேரத்துல வாசல்ல நிக்கிற?”

“ஐயா, ஒரு ஒதவி. ஒங்க சின்னத் தராசுல கொஞ்சம் மாவு நிறுக்கணுங்க.”

“மாவா? ஸ்டோருலயா?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளையின் வியாதி, தாள், போத்தல், ஓட்டம், எழுபத்தொன்று. தரையைப் பார்த்தே சொன்னேன். அவர் திரும்பி உள்ளே போனார். வேலைக்குத் திரும்பச் சொல்லத்தான் ஆள் வரப்போகிறது என்று நினைத்தேன். அவரே தராசைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். ஸ்டோருக்கு வெளியே இருந்த காரியாலயத் திண்ணையில், ஒரு ஸ்டூலின் மேல் வைத்தார்.

“நீ எப்பிடி அளந்தியோ அப்பிடியே அள.”

போத்தலில் எண்பது கோடு வரை நிரப்பித் தட்டில் கொட்டினேன். தராசு நாற்பத்திரண்டு காட்டியது.

பாதி. நான்கு நாள் காலையில் என் பிள்ளைக்கு முழு மருந்தும் பாதிச் சாப்பாடும் கொடுத்திருக்கிறேன். பசிக்கும் என்று அவள் சொன்னாள். மிஸ் எழுதியது அவ்வளவுதான் என்று நான் சொன்னேன்.

ஐயா என் முகத்தைப் பார்க்காமல், “இப்ப போத்தல ரெண்டு தட்டுத் தட்டி நெரப்பு” என்றார். மாவு கீழே அமர்ந்தது, இன்னும் கொஞ்சம் போட இடம் வந்தது. நிறுத்தோம். ஐம்பத்தொன்று. மறுபடி கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டோம். நாற்பது. ஒரே போத்தல், ஒரே கோடு, மூன்று எடை. கோட்டை நூற்றைம்பதுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று நாற்பத்திரண்டைப் பார்த்ததும் மனதில் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அதுவும் போய்விட்டது. ஒரு நாள் கை அழுத்தினால் கூடும், ஒரு நாள் தளர்ந்தால் குறையும்.

“அளவுக் கோப்பைய நம்பாத” என்றார் அவர். “மாவுக்கு மட்டும் இல்ல, சோத்துக்கும்தான். ஒரு நாள் கொழையும், ஒரு நாள் உதிரியா வரும். எங்க, அந்தப் பெட்டியக் குடு.”

மாதிரித் தேயிலை அனுப்பும் சின்னக் கடதாசிப் பைகள் அவரிடம் கட்டாக இருந்தன. அவரே தராசில் வைத்து வைத்துப் பார்க்க, நான் நிரப்பினேன். எண்பது கிராம் பைகள் இருபத்துநான்கு. பேனாவால் ஒவ்வொன்றிலும் எண்பது என்று எழுதினார். முடிந்ததும் தராசைத் துடைத்தார், ஈரத் துணியால், இரண்டு முறை. “தராசு ஒன்னு சீக்கிரம் வாங்கிக்க. மறுபடி இங்க மாவு வரக் கூடாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“இருக்கியா புள்ள?”

“இருக்கேன்.” அழுதிருந்தாள். “இந்த வீட்டம்மா கேக் செய்யிறப்ப சீனி, மாவு எல்லாத்தயும் தராசுல வைக்கச் சொல்லும். மொதல்ல எனக்குச் சிரிப்பா இருந்திச்சு. தெனம் நிறுக்குறேங்க இங்க. யாரோட புள்ளைக்கோ நிறுக்குறேன்.” பிறகு, “நீங்க ஏன் எங்கிட்ட ஆமான்னு சொன்னீங்க?” என்று கேட்டாள்.

பயம் என்று சொன்னேன். நீ அங்கே இருந்துகொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் தவிப்பாய் என்ற பயம். என்னால் முடியவில்லை என்று நீ நினைத்துவிடுவாய் என்ற பயம். “எனக்கும் அதே பயந்தான் இருக்கு” என்றாள். “ரெண்டு பேரும் மறைச்சா புள்ளைக்கு யாரு?” அந்தச் சனிக்கிழமையே டவுனில் ஒரு தராசு வாங்கிவிட்டேன். அன்றிலிருந்து ரொட்டி தட்டுவதற்கு முன்னால் தராசில் தெரியும் எண்ணைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்புகிறேன். அடுத்த கிளினிக்கில் போத்தல் விஷயத்தை மிஸ்ஸிடம் மறைக்காமல் சொன்னேன். திட்டினார். திட்டி முடித்துவிட்டு, இதைக் கேட்காமல் விட்டது தன் பிழையும்தான் என்று சொல்லி, அன்று வந்திருந்த மற்றப் பெற்றோர்களிடமும் வீட்டில் தராசு இருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். மூன்று பேர் இல்லை என்றார்கள்.

எண்கள் இப்போது பெரும்பாலும் ஒழுங்காக இருக்கின்றன. ஆனாலும் பத்தரை மணி ஆனால் என் கை தானாகப் போனைத் தேடும். அழைப்பு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் தேத்தண்ணி தொண்டையில் இறங்கும்.

போன மாதம் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா. பூசை முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். நான் மேளக்காரர்கள் பக்கம் நின்றிருந்தேன். திரும்பிப் பார்க்கையில் மகளுக்கு முன்னால் லஞ்ச் சீட் என்ற பொலித்தீன் தாளில் பெரிய கரண்டியால் ஒரு குவியல் விழுந்துகொண்டிருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். பரிமாறிய அக்கா, “சாமி பிரசாதம் தம்பி, ஒன்னும் செய்யாது” என்றார்.

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எத்தன கிராம்ப்பா இருக்கும்?”

வெல்லம், நெய், பயறு, அரிசி, முந்திரிகை. என் கண்ணுக்கு ஒரு எண்ணும் வரவில்லை. “தெரியல பாப்பா” என்றேன். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

“மூணு வாய் திங்கட்டுமா?”

“தின்னு.”

மூன்று வாய் தின்றாள். மூன்றாவதை மெதுவாக, கண்ணை மூடிக்கொண்டு. மிச்சத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும் என்று மிஸ் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்த இரண்டு மணி நேரமும் அவள் தோழிகளோடு ஓடிக்கொண்டிருந்தாள், நான் கோவில் படியில் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் வந்ததும் கூப்பிட்டேன். ஓடி வந்து விரலை நீட்டினாள். நூற்றெழுபத்தெட்டு. கொஞ்சம் கூடத்தான், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. கொப்பியில் சாப்பாடு என்ற இடத்தில் “பொங்கல், மூன்று வாய்” என்று எழுதினேன். தேர் கீழ் லயத்துப் பக்கம் திரும்பிவிட்டது என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். கருவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனேன்.